ஒரே வீட்டில் மூன்று அக்னிபத்

கேள்வி: "நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 54. 1990இல் வந்த 'அக்னிபத்' இந்திப் படத்தை யாராவது குறை சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. கல்லூரியில் படிக்கும் என் மகன், 'அது ஓடாத படம்ப்பா, ஜனங்களே ஒதுக்கிட்டாங்க. 2012இல் ஹ்ரித்திக் நடிச்சதுதான் படம்' என்று வசூல் கணக்கை நீட்டுகிறான். மாமனார் 1960களில் மாதுங்காவுக்கு வந்தவர். டிவியில் அந்தப் படம் வந்தாலே, 'இளநீர் விக்கிற ஐயரைக் காட்டி நம்மளைச் சிரிப்பாய்ச் சிரிக்க வெச்ச படம்' என்று எழுந்து போய்விடுவார். இப்போது கல்லூரி இதழுக்கு, ஒரு கேங்ஸ்டர் படத்தைப் பற்றி ரசிகர்கள் கருத்தைத் திரட்டி எழுதும் வேலை மகனுக்கு வந்திருக்கிறது. அவன் இதையே எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு சண்டையில்தான் முடிகிறது. யார் சொல்வது சரி? இன்னொன்று, 11 வயது மகளும் அந்தப் படங்களைப் பார்க்கவேண்டும் என்கிறாள். காட்டலாமா?"

- வாசகி, செம்பூர், மும்பை

பதில்:

மூன்று பேரும் சரிதான் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் அடுத்த ஞாயிறு சண்டை திரும்ப வரும். அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் மகன் சொல்லும் தகவல் சரி, அதை வைத்து அவர் எடுக்கும் முடிவு தப்பு. உங்கள் வீட்டுக்காரரின் ரசனை சரி, ஆனால் அந்தப் படத்தை அன்றைக்கு எல்லோரும் கொண்டாடினார்கள் என்று அவர் சொன்னால் அது நடக்காத கதை. மாமனாரின் கோபத்தைத்தான் வீட்டில் யாரும் சரியாகக் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் 1990. முகுல் ஆனந்த் இயக்கி, யஷ் ஜோஹர் தயாரித்த அக்னிபத் அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியானது. அமிதாப் பச்சனுக்கு அது இறங்குமுகமான நேரம். 1987இல் எம்.பி. பதவியை ராஜினாமா செய்துவிட்டு அரசியலை விட்டு வந்திருந்தார். 1988இல் 'ஷாஹென்ஷா' காப்பாற்றியது. 1989இல் 'தூஃபான்', 'ஜாதூகர்' இரண்டும் அடி வாங்கின. இந்த நிலையில் தியேட்டருக்குள் வந்தவர்கள் எதைத் தேடி வந்திருப்பார்கள்? பழைய அமிதாப்பைத்தான். 'தீவார்', 'சோலே' காலத்திலிருந்து காதில் பதிந்த அந்தக் கனத்த குரல் திரும்பக் கிடைக்கும் என்று வந்தார்கள்.

திரையில் வந்ததோ தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வரும் கரகரப்பான ஒரு குரல். கதாநாயகன் விஜய்யாக வரும் அமிதாப் தன் முழுப் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சொல்லி, வயதை மாதம், நாள், மணி வரை கணக்குச் சொல்லும் அந்த அறிமுகத்தை இன்றைக்குத் தெருவில் சின்னப் பையன்கூட ஒப்பிப்பான். அன்றைக்கு அதைக் கேட்ட பலர் ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார்கள். வசனம் புரியவில்லை என்று புகார் வந்து, அமிதாப் தன் வழக்கமான குரலில் மறுபடி டப்பிங் பேசும் அளவுக்குப் போனது விஷயம். படம் ஓடவில்லை.

ஆக்‌ஷன் படங்களுக்கே அப்போது காலம் போய்விட்டது, காதல் அலை அடித்தது என்று இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 'மேனே ப்யார் கியா' 1989 கடைசி வாரத்தில் வந்து ஓடிக்கொண்டிருந்தது, 'தில்', 'ஆஷிக்கி' இரண்டும் 1990இல் வந்து ஜெயித்தன, எல்லாம் நிஜம். ஆனால் அதே 1990இல் சன்னி தியோலின் 'காயல்' சக்கைப்போடு போட்டதே! ஜனங்கள் அடிதடியை வெறுக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த அமிதாப் வராமல் வேறு யாரோ வந்து நின்றதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் மகன் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். முதல் வார வசூல் என்பது படத்தைப் பற்றிய கருத்து என்பதைவிட, வரும்போது மனதில் கொண்டுவந்த எதிர்பார்ப்பைப் பற்றிய கருத்து. அதை 'ஜனங்களின் தீர்ப்பு' என்று எழுதினால் கட்டுரை அங்கேயே விழுந்துவிடும். ஏனென்றால் அதே படத்துக்காகத்தான் அமிதாப்புக்குச் சிறந்த நடிகருக்கான முதல் தேசிய விருது கிடைத்தது. ஃபிலிம்ஃபேர் அந்த ஆண்டு சிறந்த நடிகர் விருதை 'காயல்' சன்னி தியோலுக்குக் கொடுத்தது. அக்னிபத்தில் அம்மாவாக நடித்த ரோகிணி ஹட்டங்கடிக்கும் கிருஷ்ணன் ஐயராக வந்த மிதுன் சக்ரவர்த்திக்கும் துணை நடிப்புக்கான விருதுகளைக் கொடுத்தது. நடுவர்களே ஒரே குரலில் பேசவில்லை, கூட்டம் எப்படிப் பேசும்?

அப்புறம் எப்படி மாறியது? டிவிதான் காரணம் என்பது என் எண்ணம். 1992க்குப் பிறகு கேபிள் இணைப்பும் இந்திச் சேனல்களும் வீட்டுக்கு வீடு வந்தன. தியேட்டரில் ஒருமுறை கேட்டு முகம் சுளித்த குரலை, வீட்டில் பாதிப் படத்திலிருந்தும் கால்வாசிப் படத்திலிருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதிர்ச்சி போய்விட்டது, நடிப்பு தெரிய ஆரம்பித்தது. மிமிக்ரி மேடைக்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் எதை வேண்டாம் என்று தள்ளியதோ, அதைத்தான் இன்றைக்கு எல்லோரும் நடித்துக் காட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது 19 வயது இருக்கும். முதல் வாரமே தியேட்டரில் பார்த்துப் பிடித்துப் போனதா, பிறகு டிவியில் பார்த்துப் பிடித்ததா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் வாரம் என்றால் அவர் கூட்டத்தோடு போகாத ஒரு ரசிகர், அவரைத் தனியாகப் பேட்டி எடுக்கலாம். டிவி என்றால் அவரும் என்னைப்போல மறுபடி பார்த்து மனம் மாறிய பெருங்கூட்டத்தில் ஒருவர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி 2012. குடியரசு தினத்தன்று வெளியான கரண் மல்ஹோத்ரா படம். தயாரித்தவர் யஷ் ஜோஹரின் மகன் கரண் ஜோஹர். முதல் படம் தோற்றதில் அப்பா மனம் உடைந்துபோனார் என்றும், அவருக்காகத்தான் மறுபடி எடுத்தேன் என்றும் அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். விடுமுறை நாள், ஹ்ரித்திக், கத்ரீனாவின் ஒரு குத்துப்பாட்டு, அஜய்-அதுல் இசை. அன்றைய கணக்குக்குச் சாதனையான முதல் நாள் வசூல், பிறகு 100 கோடி. ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரை உள்ளே இழுத்தது அந்தப் பெயர்தானே? ஓடாத படத்தின் பெயருக்கு 22 வருஷம் கழித்து அத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? உங்கள் மகன் நீட்டும் வசூல் கணக்கிலேயே அவர் அப்பாவின் கட்சிக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. இதை நீங்களே சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பாருங்கள், இருவரும் ஒரு நிமிஷமாவது வாயை மூடுவார்கள்.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். அம்மாவும் மகனும் வரும் காட்சிகளில் பழைய படத்துக்குப் பக்கத்தில்கூடப் புதியது வரவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காரச் சொல்லும் அம்மாவிடம் விஜய் வெடிக்கும் அந்த ஒரு காட்சிக்காகவே படத்தை மறுபடி போடுவேன். சின்ன வயது விஜய்யாக வரும் மாஸ்டர் மஞ்சுநாத்தையும் விடமுடியாது. 'மால்குடி டேஸ்' தொடரில் சுவாமியாக வந்த அதே பையன்தான், இங்கே கண்ணில் அத்தனை கோபம். வில்லன் பக்கம் வந்தால் புதிய படம் ஜெயிக்கிறது. டேனி டென்சோங்பாவின் அமைதியான வெள்ளைக் கோட்டு காஞ்சா சீனா எனக்குப் பிடிக்கும், புதிய படத்தில் அதே வேடத்தில் மொட்டைத் தலையும் பச்சை குத்திய உடம்புமாகக் கீதை பேசும் சஞ்சய் தத் கொஞ்சம் அதிகப்படி. ஆனால் ரிஷி கபூர்! ஆயுள் முழுக்க ஸ்வெட்டர் போட்டுப் பாட்டுப் பாடிய மனுஷரை, பெண் பிள்ளைகளை விற்கும் ரவுஃப் லாலாவாகப் பார்த்தபோது தியேட்டரே திடுக்கிட்டது. 1990இல் அமிதாப் குரலை மாற்றியபோது கோபப்பட்ட கூட்டம், 2012இல் ரிஷி கபூர் முகத்தையே மாற்றியபோது கைதட்டியது. காரணம் எளிது. ரிஷி கபூரிடம் அப்போது யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்ப்பே இல்லாமல் வந்து ஜெயித்த கேங்ஸ்டர் படத்துக்கு இன்னொரு சாட்சி வேண்டுமென்றால் 1998 ஜூலையில் வந்த ராம் கோபால் வர்மாவின் 'சத்யா'. பெரிய ஸ்டார் இல்லை, ஆரம்பத்தில் கூட்டமும் இல்லை. பார்த்தவர்கள் வாய்வழியே சொல்லித்தான் படம் எழுந்தது. மனோஜ் பாஜ்பாயியின் பிக்கு மாத்ரேயை மும்பையில் இன்றைக்கும் யாரும் மறக்கவில்லை. கட்டுரையில் ஒரு பத்திக்கு இது போதும், அதற்கு மேல் இழுக்கவேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

இப்போது மாமனார்.

கிருஷ்ணன் ஐயர் எம்.ஏ. என்று பட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு, லுங்கி கட்டி, இளநீர் விற்கும் ஒரு தமிழர். நடித்தவர் வங்காளி. பேசும் இந்தி, எந்தத் தமிழனும் பேசாத இந்தி. வடக்கே கைதட்டல் அள்ளியது, விருதும் வாங்கியது. ஆனால் உங்கள் மாமனார் மும்பைக்கு வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1966இல் சிவசேனா தொடங்கியது, தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று கிளம்பிய கோபத்தில் உடுப்பி ஓட்டல்கள் அடி வாங்கின. லுங்கியைக் கேலி செய்தே கோஷம் போட்டார்கள். அந்தத் தெருக்களில் நடந்தவருக்கு, அதே லுங்கியையும் உச்சரிப்பையும் திரையில் காட்டி அரங்கம் சிரிக்கும்போது எப்படி இருந்திருக்கும்? 'படம்தானே, விடுங்க' என்று யாரும் அவரிடம் சொல்லக்கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குண்டடி பட்டுக் கிடக்கும் விஜய்யைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர் அந்தக் கிருஷ்ணன் ஐயர்தான். விஜய் தன் அம்மாவையும் தங்கையையும் நம்பி ஒப்படைப்பதும் அவரிடம்தான். படத்தில் ரௌடியாகாமல், பயமும் இல்லாமல் வாழும் ஒரே ஆம்பளை என்றுகூடச் சொல்லலாம். அதனால் அவரைப் பிடித்துப்போன தமிழர்களும் மும்பையில் உண்டு. ஆனால் நல்லவனாகக் காட்டிவிட்டதால் கேலி இல்லாமல் போய்விடாது, அதில் நான் உங்கள் மாமனார் பக்கம். 2012 படத்தில் அந்த வேடத்தையே எடுத்துவிட்டார்கள், அவருக்கு இது தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லுங்கள். 'இப்பவாவது புத்தி வந்ததே' என்பாரா, 'நம்ம ஆளை மொத்தமாவே தூக்கிட்டாங்களா' என்பாரா என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசை. அவர் என்ன சொன்னாலும் அதை வைத்துத்தான் உங்கள் மகன் கட்டுரையை ஆரம்பிக்கவேண்டும். வசூல் கணக்கு எல்லோரிடமும் கிடைக்கும், இது அவர் தாத்தாவிடம் மட்டும்தான் கிடைக்கும்.

மகனுக்கு வேலை முறையாக ஒன்றே ஒன்று சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் கருத்துக் கேட்கும்போது 'படம் எப்படி' என்று கேட்டால் 'சூப்பர்', 'மொக்கை' இரண்டுதான் வரும். எப்போது, எங்கே பார்த்தீர்கள், இரண்டில் எதை முதலில் பார்த்தீர்கள், போகும்போது என்ன நினைத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்கட்டும். புதியதை முதலில் பார்த்தவர்களுக்குப் பழையது மெதுவாகத் தெரியும், பழையதை முதலில் பார்த்தவர்களுக்குப் புதியதில் சத்தம் அதிகம் என்று தோன்றும் என்பது என் ஊகம். சோதித்துப் பார்க்கட்டும், பொய்த்துப்போனால் இன்னும் நல்ல கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஏற்பாடு. இரண்டு படமுமே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அதனால் ஒரே நாளில் இரண்டையும் போட்டு ஜெயிக்கப் பார்க்கவேண்டாம். சாப்பாடு முடிந்தபிறகு ஒரு வாரம் அப்பா தேர்ந்தெடுக்கும் ஒரு காட்சி, அடுத்த வாரம் மகன் தேர்ந்தெடுக்கும் ஒரு காட்சி. தேர்ந்தெடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது, மற்றவர் மட்டும் பேசலாம். மாமனாருக்குப் பார்க்க மனமில்லை என்றால் வற்புறுத்தவேண்டாம். ஒரு படத்தைப் பார்க்கமாட்டேன் என்று 30 வருஷத்துக்கு மேல் உறுதியாக இருப்பதும் ஒரு ரசிகர் கருத்துதான்.

மகளுக்கு இப்போது வேண்டாம், குறிப்பாக 2012 படம். ஆரம்பத்திலேயே பொய்ப்பழி சுமத்தி, ஆசிரியரான விஜய்யின் அப்பாவை மகன் கண்முன்னே மரத்தில் தொங்கவிடுகிறார்கள். நடுவில் ஒரு சின்னப் பெண்ணைச் சந்தையில் ஏலம் விடும் காட்சி வருகிறது. 11 வயதுக்கு அது கனவில் வரும். பழைய படத்திலும் அப்பாவைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் காட்சி உண்டு. அடம் பிடித்தால் படத்தில் விஜய்யின் ஊராக வரும் மாண்ட்வாவையே காட்டிவிடுங்கள். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு போகிறது, மழைக்காலத்தில் மட்டும் போகாமல் விசாரித்துவிட்டுப் போங்கள். ஹ்ரித்திக் படத்து மாண்ட்வாவை எடுத்தது டையூவில், அதனால் போய் இறங்கியதும் 'படத்துல பார்த்த மாதிரியே இல்லையே' என்று உங்கள் மகன் ஆரம்பிப்பார். அதற்கு நான் பொறுப்பில்லை.