வழித்துணை: கன்னியாகுமரி வரை, ஆளுக்கு 12,000 ரூபாய்

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கும் நண்பனும் நானும் மே மாதத்தில் பத்து நாள் விடுப்பெடுத்து, என்னுடைய 125 சிசி பைக்கில் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போய்வர நினைக்கிறோம். பிளஸ் டூ படிக்கும்போதே போட்ட திட்டம் இது. என்னிடம் 25,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. நண்பன் நான்கு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு இப்போதுதான் ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறான். செலவைப் பற்றிப் பேச்செடுத்தாலே “அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்கிறான். குறைகிற பணத்தை அவனிடம் சொல்லாமல் நானே போட்டுவிடலாமா? பத்து நாளுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?
(பெயர் வெளியிட வேண்டாம், பெரம்பூர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் “அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியாமல் நின்றுவிட்டேன். அதே சொல்லை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டும் புரிந்துகொள்ளத் தவறினேன்.

1993 மே மாதம். என்னுடன் வேலை பார்த்த நண்பரும் நானும் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு பழைய யெஸ்டி வண்டியில் இராமேசுவரத்துக்குக் கிளம்பினோம். பாம்பன் சாலைப் பாலம் திறந்து ஐந்தாண்டுகூட ஆகாத காலம். தனுஷ்கோடிக்கு அப்போது சாலை கிடையாது. 1964 டிசம்பர் புயல் அழித்துப்போட்ட அந்த ஊருக்கு, மணலில் ஓடும் வேன்களில்தான் போகவேண்டும். வேன் நிற்கிற இடத்துக்கு வந்ததும் நண்பர், “வண்டியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே, நீங்கள் போய்விட்டு வாருங்கள்” என்றார். நான் போனேன். இடிந்த தேவாலயத்தையும் இரண்டு பக்கத்துக் கடலையும் தனியாகப் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். வண்டியின் கையகல நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். மறுநாள் திருச்செந்தூரில், விடுதிக்குப் பணம் கொடுக்கும்போதுதான் அவருடைய சட்டைப்பையில் இருந்ததெல்லாம் மேசைக்கு வந்தது. நாற்பது ரூபாய்க்கும் குறைவு. வேன் கட்டணத்தை நினைத்துத்தான் அவர் நின்றுவிட்டிருக்கிறார். முதல் நாள் மதியம் பசியில்லை என்று சொன்னதும் அதனால்தான். 2017-இல் தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை வந்தபோது முதலில் அவரைத்தான் கூப்பிட்டேன். அதற்குள் முழங்கால் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. அவர் இன்னும் தனுஷ்கோடியைப் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன், சொல்லாமல் பணம் போடாதீர்கள். இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு ஒவ்வொரு தோசைக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். இருவரில் யார் கையில் குறைவாக இருக்கிறதோ, அந்தக் கைக்கு அடங்கும்படி பயணத்தை வெட்டிக்கொள்ளுங்கள். “உன்னால் எவ்வளவு முடியும்” என்று கேட்டால் அவர் கூச்சத்தில் கூட்டித்தான் சொல்வார். “நான் 12,000 ரூபாய்க்குள் முடிக்க நினைக்கிறேன், அதையும் குறைக்க வழி இருந்தால் சொல்” என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். நேரில், டீக்கடையில், வேறு யாரும் இல்லாதபோது. போனில் வேண்டாம்.

12,000 ஏன் என்கிறீர்களா? கடலோரமாகப் போனால் கன்னியாகுமரி ஏறக்குறைய 900 கிலோமீட்டர். மதுரை, திருச்சி வழியாகத் திரும்பி வர 700. ஊருக்குள் சுற்றுவது 200. ஆக 1,800 கிலோமீட்டர். இரண்டு பேரும் மூட்டையும் ஏறிய 125 சிசி வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கும் என்று வைத்தால் 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,000, ஆளுக்கு 2,000தான். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. பணம் கரைவது அறையில். ஓர் இரவுக்கு 900 என்று ஒன்பது இரவுக்கு 8,100, ஆளுக்கு 4,050. சாப்பாட்டுக்கு நாளுக்கு 400 வைத்தால் 4,000. பத்தாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. மிச்சம் 2,000 ரூபாயை இருவரும் தனி உறையில் போட்டு ஒட்டி, பையின் அடியில் வைத்துவிடுங்கள். மருத்துவருக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் அந்த உறை திறக்கவேண்டும்.

இனி பொதுப் பணப்பை. கிளம்பும் அன்று ஆளுக்கு 2,000 அதில் போடுங்கள். பெட்ரோல், அறை, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்ததும் இருவரும் மறுபடி சமமாகப் போடுங்கள். பணப்பை உங்கள் நண்பர் கையில் இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். கடைக்காரரிடம் பணம் எண்ணிக் கொடுக்கிறவர் அவராக இருந்தால் பத்து நாளும் அவர் நிமிர்ந்து நடப்பார். ஆனால் கிளம்புமுன் செய்யும் சர்வீஸ், டயர், செயின் ஆகிய செலவு உங்களுடையது. பயணம் முடிந்தபிறகும் அந்த டயரில் ஓடப்போவது நீங்கள்தானே.

வழியைப் பற்றிச் சில சொற்கள். சித்திரை 21-இல் அக்னி நட்சத்திரம் பிறந்துவிடும். பெரம்பூரிலிருந்து அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் புதுச்சேரியைத் தொட்டுவிடலாம். யூனியன் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால் பெட்ரோல் அங்கே சில ரூபாய் மலிவு. சென்னையில் டேங்கை நிரப்பாமல், போய்ச்சேரும் அளவுக்குப் போட்டுக்கொண்டு அங்கே நிரப்புங்கள். மறுநாள் காரைக்காலிலும் அப்படியே. ஆனால் புதுச்சேரியில் தங்காதீர்கள், வார இறுதியில் அறை வாடகை உங்கள் கணக்கைத் தின்றுவிடும். சிதம்பரம் போய்விடுங்கள். தினமும் பத்தரை, பதினொன்றுக்கு வண்டியை நிறுத்திவிட வேண்டும். நாலு மணிக்கு மறுபடி ஏறி, இருட்டுமுன் அறைக்குள் இருக்கவேண்டும். இப்படி ஓட்டினால் நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வராது, வரவும் வேண்டாம்.

இரண்டாம் நாள் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அந்த ஊரில்தான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அங்கே ஒரு மணி நேரம் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலை முழுவதும் இருங்கள். பிறகு வேளாங்கண்ணி, அல்லது கூட்டம் வேண்டாமென்றால் வேதாரண்யம். மூன்றாம் நாள் முத்துப்பேட்டை தாண்டி மனோராவில் நில்லுங்கள். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடித் தஞ்சை மன்னர் சரபோஜி கட்டிய எட்டு நிலைக் கோபுரம் அது. அதற்குத் தெற்கே இராமநாதபுரம் வரை நிழல் குறைவு. தண்ணீர் நான்கு லிட்டராவது கையில் இருக்கட்டும்.

இராமேசுவரத்தில் அறை விலை கூடினால் இராமநாதபுரத்தில் தங்கி, 55 கிலோமீட்டர் காலையில் போய்வரலாம். அரிச்சல்முனைக்கு விடிந்ததும் போங்கள். பகல் ஏற ஏறக் காற்று மணலை முகத்தில் வீசும். திருச்செந்தூரில் வைகாசி விசாகத்தை ஒட்டிய நாட்களில் அறையே கிடைக்காது, தேதியைக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்தான் என்று ஒரே மூச்சில் ஓட்டிவிடாதீர்கள். நடுவில் மணப்பாடு இருக்கிறது. மணல்மேட்டின் மேலே திருச்சிலுவைக் கோயில், கீழே படகுகள், சுற்றிலும் கடல். இந்தக் கரையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான், ஒரு பைசா செலவில்லை.

திரும்பும்போது நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் கவனம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மாவா? மே பாதிக்குமேல் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். லாரியைக் கடக்கும்போது அதன் மறைவில் காற்று நின்று, தாண்டியதும் ஒரேயடியாக அறையும். அந்த இடத்தில் யாரையும் முந்தவேண்டாம். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பாருங்கள். கிளச் கேபிள் ஒன்று, செயினுக்கு எண்ணெய், இவை பையில் இருந்தால் போதும்.

கேள்வி: என் மகளும் அவளுடைய தோழியும் (இருவருக்கும் 24 வயது) எங்கள் பழைய காரில் கொடைக்கானல், ஊட்டி இரண்டுக்கும் ஒரு வாரம் போகவேண்டும் என்கிறார்கள். குறைந்த செலவில் போகிறோம் என்று மலிவான அறைகளாகப் பார்க்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. தடுப்பதா, விடுவதா?
(ஒரு தாய், மயிலாப்பூர்)

பதில்: விடுங்கள் அம்மா. ஆனால் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு விடுங்கள். சாப்பாட்டில் பிடிக்கட்டும், ஊர் சுற்றுவதில் பிடிக்கட்டும். அறையில் பிடிக்கவேண்டாம். முன்பின் தெரியாத ஊரில், சந்துக்குள் இருக்கிற அறைக்கு இரவு பத்து மணிக்குப் போய்ச் சேருவதைவிட, பஸ் நிலையத்தை ஒட்டி நடமாட்டமுள்ள தெருவில் முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து, நாலு மணிக்கே போய்ச் சேருவது நல்லது. பார்க்கும் இடங்களில் இரண்டைக் குறைத்தால் அந்த முந்நூறு வந்துவிடும்.

இரண்டு மலையையும் ஒரே வாரத்தில் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதிப் பயணம் வளைவுகளிலேயே போகும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் உண்டு. கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள் என்று வரம்பும் வைக்கிறார்கள். அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பாஸ் எடுத்துவிடச் சொல்லுங்கள். மாற்றிச் செய்து முன்பணத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கார் பழையது என்கிறீர்கள். பிரேக்கும் ரேடியேட்டரும் பார்த்தாயிற்றா? மலை இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டோ நியூட்ரலிலோ வரக்கூடாது. எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்கவேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் என்றால், கீழேயே காரை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏறிப் போவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸ் வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அது அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்குத்தான் பொருந்தும், மாநிலச் சாலைகளுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு நாலைந்து முறை காரில் சொந்த ஊர் போகிற குடும்பம் என்றால் வாங்குங்கள். இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் வேண்டாம்.

கேள்வி: போகும்போது பைக், வரும்போது பைக்கையும் ஏற்றிக்கொண்டு ரயில். இது முடியுமா?
(ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: முடியும். லீவு குறைவாக இருப்பவர்களுக்கு நல்ல வழியும்கூட. டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது, வண்டியைச் சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டியிருக்கவேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும். நீங்கள் போகிற ரயிலிலேயே டிக்கெட்டைக் காட்டி ‘லக்கேஜ்’ ஆகப் பதிவு செய்யுங்கள். ‘பார்சல்’ என்று பதிந்தால் வண்டி சில நாள் கழித்தும் வரலாம். ரயில் புறப்படுகிற நிலையத்திலேயே ஏற்றுங்கள். நடுவில் இரண்டு நிமிடம் நிற்கிற நிலையத்தில் ஏற்றுவது பெரும்பாடு. கிளம்பும் நேரத்துக்குச் சில மணி முன்பே போய்விடுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. மே மாதத்துக்குத் திறந்த அன்றே எடுத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் வண்டியிலேயே திரும்பும்படி விடுப்பில் இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோடையில் வண்டி ஓட்டும்போது எதைக் குடிக்கலாம்? குளிர்பானம் வாங்கியே பணம் தீர்ந்துவிடுகிறது.
(ஒரு வாசகி, தாம்பரம்)

பதில்: கடலோரமாகத் தெற்கே போகிறீர்கள் என்றால், கடலூர் வரை இளநீரும் நுங்கும். தூத்துக்குடி தாண்டினால் பதநீர். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள், காலை ஒன்பது மணிக்குள் குடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கும். மற்ற நேரத்துக்கு, அறையை விட்டுக் கிளம்பும்போதே ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.