வீட்டுத் தோட்டத்தில் நரி குட்டி போட்டு வளர்ப்பதை நேரில் பார்த்தவர்கள் உண்டா? பயமாக இருக்காதா?

பார்த்திருக்கிறேன். லண்டனில், எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில், மர ஷெட்டுக்கு அடியில்.

அந்த மார்ச் முழுக்க ஷெட் பக்கம் போனாலே காட்டமாக ஒரு வாடை. பூனை மூத்திரத்தையும் கருகின ரப்பரையும் சேர்த்து மோந்த மாதிரி. ஓரத்தில் புது மண் வேறு தள்ளிக் கிடந்தது. எலி என்று நினைத்துப் பொறி வாங்கி வைத்தேன். ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்: "இங்க வாங்களேன், யாரோ நாய்க்குட்டிங்கள விட்டுட்டுப் போயிருக்காங்க."

நான்கு நரிக்குட்டிகள். அந்த வயதில் பார்த்தால் யாரும் நரி என்று சொல்ல மாட்டார்கள். சிவப்பே கிடையாது. கருப்பட்டி நிறத்தில் உருண்டையாக, மூக்கு மழுங்கி, கண் நீலமாக இருந்தன. அந்த நீலம் பிறந்து நாலைந்து வாரம் வரைதான், அப்புறம் தேன் நிறமாகிவிடும்.

இவை செந்நரிகள். 1930களில் லண்டனைச் சுற்றித் தோட்டம் வைத்த வீடுகள் பெருகியபோது ஊருக்குள் வந்து, அப்படியே தங்கிவிட்டவை. நம் ஊரில் ஊளையிடுகிற நரி வேறு, அது நாய்க்கும் ஓநாய்க்கும் பங்காளி. செந்நரிக்கு நெருங்கிய சொந்தம் சேலம் மாவட்டத்தில் எங்கள் வாழப்பாடிப் பக்கம் வங்காநரி என்று சொல்லும் குள்ளநரி. பொங்கல் சமயத்தில் அதைப் பிடித்து வந்து ஊருக்குள் ஓடவிட்டு முகத்தில் முழிப்பார்கள். வனத்துறை அபராதம் போட்டும் அந்தப் பழக்கம் லேசில் விடவில்லை. அதனால் அம்மாவிடம் போனில் சொன்னபோது பயமெல்லாம் ஒன்றும் இல்லை. "தெனமும் நரி மொகத்துல முழிக்கிறியா! குடுத்து வெச்சவன்டா நீ" என்றார்.

எனக்கு ஆச்சரியம் அப்பன் நரிதான். குட்டி போட்ட முதல் இரண்டு வாரம் தாய் வளையை விட்டு அதிகம் நகராது. கண்ணும் காதும் திறக்காத குட்டிகளுக்குச் சொந்தமாக உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது, ஒட்டிப் படுத்தே இருக்க வேண்டும். அதுவரைக்கும் வீட்டுச் சாப்பாடு அப்பன் பொறுப்பு. நான் பார்க்கத் தொடங்கியபோதும் அது சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தது. வேலியின் விளிம்பில் பூனை மாதிரி நடந்து வரும். வாயில் ஒரு நாள் புறா, ஒரு நாள் யாரோ கடித்துப் போட்ட வறுத்த கோழிக்கால். தாய் தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகும், நான்கும் குபுகுபுவென்று வெளியே வரும். வந்ததை யாருக்கும் பங்கு போடுவதில்லை. பிடுங்கினவனுக்குத்தான். வால் நுனியில் வெள்ளை கொஞ்சம் கூடுதலாக இருந்த ஒன்று தினமும் பிடுங்கிக்கொண்டு என் ரோஜாச் செடிக்குப் பின்னால் ஓடிவிடும்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மே முதல் வாரம், பெரிய நரிகள் இரண்டும் வெளியே போன நேரம் பார்த்து, போன் வெளிச்சத்தை அடித்து வளைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, வாடைதான் வந்தது. மறுநாள் ராத்திரி தாய் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்வி வேலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மரத் தளத்துக்குக் கீழே குடிபோய்விட்டது. நாலு நடை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா எழுபது வயசுக்காரர், பல வருஷமாக நரி பார்க்கிறவர். "உன் வேலைதானே?" என்று மட்டும் கேட்டார்.

நல்லவேளை, விளையாட எங்கள் புல்வெளிக்கே வந்தன. விளையாட்டு என்றால் சண்டைதான், அதோடு திருட்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் செருப்பைப் பின்வாசலில் விட்டிருந்தேன், காலையில் ஒன்றைக் காணோம். மூன்று நாள் கழித்து அந்த ஒன்று புல்லில் கிடந்தது, கட்டைவிரல் வார் நூல் நூலாக. அதற்குள் வாசலில் இருந்த மற்றது போய்விட்டது! அப்புறம் கறிவேப்பிலை. இந்தக் குளிரில் வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்து ஜூனில் வெளியே வைத்த தொட்டியை ஒரே ராத்திரியில் தோண்டிக் கவிழ்த்திருந்தன. தப்பு என் மேல்தான். எலும்புத்தூள் உரம் போட்டிருந்தேன். அந்த வாசனைக்கு, கீழே ஏதோ இறைச்சி புதைந்திருக்கிறது என்று நரி தோண்டுமாம். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரியும்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு இல்லை. பிரிட்டனில் நரிகளிடம் வெறிநோய் கிடையாது, ஆள் அசைந்தால் அவைதான் முதலில் ஓடும். இந்தியாவில் இருப்பவர்கள் இதை நம்பி நரிக்குட்டியைத் தூக்கிவிடாதீர்கள், அங்கே கதை வேறு. எங்கே இருந்தாலும் சோறு மட்டும் வைக்காதீர்கள். மனிதர்களைப் பார்த்து ஓடாத நரி அடுத்த தெருவில் யார் கையிலாவது அடிபடும்.

ஜூலையில் எண்ணினால் மூன்றுதான் இருந்தன. வெள்ளை வால்காரன் இல்லை. எங்கள் தெருமுனையில் பஸ் போகிற சாலை இருக்கிறது, நான் போய்த் தேடவில்லை. செப்டம்பருக்குள் மற்றவையும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. இந்த ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தோட்டத்தில் யாரோ பெண் அலறுகிற மாதிரி சத்தம். மனைவி பதறி எழுந்து உட்கார்ந்தார். ஜோடி தேடுகிற காலம், பெண் நரி அப்படித்தான் கத்தும் என்று சொல்லித் தூங்கச் சொன்னேன். ஷெட்டுக்கு அடியில் இருக்கும் ஓட்டையை நான் இன்னும் அடைக்கவில்லை.