இசைத்தாளில் நோட்டுகளுக்குக் கொடுத்த நிறம் ஏன் மறைகிறது?

வலைப்பக்கத்தில் இசைத்தாளை வரையும் ஓபன்ஷீட்மியூசிக்டிஸ்ப்ளே என்ற லைப்ரரி மூலம், இசைக்குறிப்புகளைச் சேமிக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பைக் காட்டுகிறீர்கள். டேப்லெட்டைத் திருப்பியதும் நீங்கள் கொடுத்த நிறங்கள் போய் எல்லாம் கறுப்பாகிவிடுகின்றன என்கிறீர்கள். திருகோணமலையில் என் வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காக நான் எழுதிய பக்கத்திலும் இதேதான் நடந்தது.

திரையில் வரைந்து முடிந்த எஸ்விஜி படத்தின் மேல் நிறம் பூசியிருக்கிறீர்கள். திரையின் அகலம் மாறினால் அந்த லைப்ரரி முழுத்தாளையும் புதிதாக வரைகிறது, பூசியது நிற்காது. நிறத்தை நோட்டுக்கே கொடுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் 'நோட்ஹெட்கலர்' என்ற பண்பு உண்டு. அதை மாற்றிவிட்டு 'ரெண்டர்' செயலை அழைத்தால் போதும், கோப்பை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. பிள்ளை பிழையாக வாசித்த நோட்டைச் சிவப்பாக்கவும் இதே வழிதான். அந்த லைப்ரரி உள்ளே பயன்படுத்தும் வெக்ஸ்ஃப்ளோ என்ற வரையும் கருவியை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் வரைவதற்கு முன்பே 'செட்ஸ்டைல்' செயலால் நிறத்தைக் கொடுக்க வேண்டும்.

தாள் முழுவதற்கும் நிறம் வேண்டுமானால் 'கலரிங்மோட்' என்ற அமைப்பை 2 என்று வைத்து, 8 நிறங்களைக் கொடுங்கள்: சி முதல் பி வரை ஏழு, எட்டாவது, வாசிக்காமல் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் ஓய்வுக்குறிக்கு. எழுத்தைப் பார்த்தே நிறம் தருவதால் எஃப்பைவிட அரைச்சுரம் உயர்ந்த எஃப் ஷார்ப்புக்கும் எஃப்பின் நிறமே வரும். அதனால் ஷார்ப் குறியை முதலில் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவைப்பேன்.

நிறத் தேர்வில்தான் நான் பெரும் தவறு செய்தேன். சி சிவப்பு, ஜி பச்சை என்று வைத்திருந்தேன். ஒரு சிறுவன் இரண்டு வாரங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான். பயிற்சி செய்யவில்லை என்று கண்டித்தேன். அவனுக்கு அந்த இரண்டு நிறங்களும் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று அவனுடைய அம்மா சொன்னபோது மனம் மிகவும் வருந்தியது. அதன் பிறகு, நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்தறியும்படி ஜப்பானின் ஒக்காபே, இட்டோ இருவரும் வகுத்த நிறத்தொகுதிக்கு மாறினேன். கறுப்பைச் சேர்த்து அதில் சரியாக 8 நிறங்கள். கறுப்பை ஓய்வுக்குறிக்கு வைத்தேன். மஞ்சள் மட்டும் வெள்ளைத் தாளில் மங்கலாகத் தெரிந்தது, சற்று அடர்த்தியாக்கினேன்.

நோட்டின் தலையிலிருந்து நீளும் தண்டுகளுக்கு நிறம் கொடுக்காதீர்கள். தாளத்தைக் கண் பின்தொடர்வது அவற்றைப் பார்த்துத்தான். தலை மட்டும் நிறமாக இருக்கட்டும்.

இரவில் மின்சாரம் நின்றால் டேப்லெட்டின் வெளிச்சத்திலேயே வகுப்பைத் தொடர்வோம். அப்போது 'டார்க்மோட்' கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் கரும் பின்னணியில் கறுப்பு ஓய்வுக்குறி தெரியாது, பிள்ளைகள் நிற்காமல் வாசித்துக்கொண்டே போவார்கள். அந்த நேரத்தில் எட்டாவது நிறத்தை வெள்ளையாக்கிவிடுங்கள்.