அந்தப் படபடப்புக்குப் பேரு

அண்ணன்,
நான் தக்கலை பக்கம், காலேஜ் செகண்ட் இயர். தூத்தூர்ல ஃபுட்பால் மேட்ச் பாக்கப் போனேன். ஒரு பிளேயர் வந்து தண்ணி கேட்டான், கை நடுங்கி பாட்டில் கீழ விழுந்துட்டு. கூட வந்த ஃபிரண்டு சிரிச்சுகிட்டே "கே பேனிக்"ன்னான். தேடிப் பாத்தா கொலை கேஸா வருது, மனநோய்னும் வருது. எது நெசம்? எனக்கு நோயா?
(பேர் வேண்டாம்)

தம்பி,

உனக்கு நோய் ஒண்ணும் இல்ல. அதை முதல்ல சொல்லிட்டு மத்ததுக்கு வாறேன். கேன்னா ஆம்பளையைப் பிடிக்கிற ஆம்பளை, பேனிக்னா பதறிப் போறது.

1920ல எட்வர்ட் கெம்ஃப்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் "ஹோமோசெக்சுவல் பேனிக்"னு எழுதினாரு, பட்டாளம், கப்பல் மாதிரி ஆம்பளையளா அடைஞ்சு கெடக்குற எடத்துல இன்னொரு ஆம்பளை மேல தனக்குள்ள வந்த ஆசையைப் பாத்துத் தானே பயந்து ஒடஞ்சு போனவங்களைப் பத்தி. அவங்க அடுத்தவனை அடிச்சவங்க இல்ல, தன்னையே வருத்திகிட்டவங்க. அந்த வார்த்தையைத்தான் பின்னால வக்கீலுமாரு எடுத்து "அவன் எங்கிட்ட அப்படி நடந்தான், எனக்குப் பேனிக் ஆயிட்டு, அதான் கொன்னுட்டேன்"னு கொலைகாரனுக்குத் தண்டனை கொறைக்க வச்சுகிட்டாங்க. பயந்தவனுக்க வார்த்தை கொன்னவனுக்க கையில போயிட்டு, எனக்கு இதுதான் ஆறவே மாட்டேங்குது. கலிஃபோர்னியா 2014லதான் அதைத் தடை பண்ணிச்சு, அமெரிக்காவுல அதுதான் முதல் மாநிலம். ஆஸ்திரேலியாவுல கடைசி மாநிலம் தடை பண்ணினது 2020ல.

நம்ம ஊர்ல இதுக்கு இங்கிலீஷ் பேரெல்லாம் வேண்டாம். நான் ஸ்கூல் படிக்கும்போ ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால ஒரு அண்ணனை நாலுபேரு சேந்து அடிச்சாங்க, ஏன்னு கேட்டதுக்கு "மேல கைய வச்சானாம்"னு ஒத்த வார்த்தை, அதோட எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க. வாய் பொத்தி நின்னதுல நானும் ஒருத்தன். இன்னைக்கும் உறுத்துது.

உன் ஃபிரண்டு சொன்னது இது ரெண்டும் இல்ல. இப்போ உள்ள பிள்ளைய, பிடிச்ச ஆளு பக்கத்துல வந்ததும் நாக்கு கொழறுறது, கை நடுங்குறது, அதுக்குச் செல்லமா வச்சிருக்க பேராக்கும் அது. பொண்ணைப் பாத்துப் பாட்டிலைப் போட்டிருந்தா நீ இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்ட, இல்லியா? நடுக்கம் ஒண்ணுதான், உனக்கு ஊரைப் பத்தின பயமும் சேந்து வருது, அவ்வளவுதான்.

தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லயே நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டு, உலக சுகாதார நிறுவனம் 1990ல. நம்ம நாட்டுல 2018 செப்டம்பர் 6லேருந்து குற்றமும் இல்ல. வீட்டுல தெரிஞ்சு "மாத்திடலாம்"னு யாராவது டாக்டர்கிட்ட இழுத்தா, மெட்ராஸ் ஹைகோர்ட்டு 2021லயே அந்த மாதிரி வைத்தியத்தைத் தடை பண்ணியாச்சுன்னு நெனப்புல வச்சுக்கோ.

யாருகிட்டயும் இப்பவே சொல்லியாகணும்னு இல்ல, படிப்பு முடியட்டும், கையில ஒரு வேலை வரட்டும். ஆனா அந்த ஃபிரண்டு எப்படிச் சிரிச்சான்னு மட்டும் யோசிச்சுப் பாரு, பாட்டிலைக் குனிஞ்சு எடுத்துத் தந்தது அவன்தான்னா, அடுத்த மேட்சுக்கும் அவன்கூடவே போ. எனக்கும் எழுது.