சிக்னல் இல்லாத நாளில் சான்றிதழ்

கேள்வி: மகளின் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் கூகுள் டிரைவில்தான் இருக்கின்றன. மழை வந்தால் எங்கள் ஊரில் நெட் போய்விடுகிறது. கலந்தாய்வு நேரத்தில் திறக்காவிட்டால் என்ன செய்வது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. மலை ஊர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை இது. 2020 டிசம்பர் 14 அன்று உலகம் முழுக்க ஜிமெயில், யூடியூப், டிரைவ் எல்லாம் முக்கால் மணி நேரம் முடங்கின. கோப்புகள் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் பயனர் யார் என்று சரிபார்க்கும் அமைப்பு நின்றுபோனதால், யாராலும் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை.

ஆகவே நெட் நன்றாக இருக்கும்போதே, டிரைவ் செயலியில் அந்தந்தக் கோப்புக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆஃப்லைன் வசதியை இயக்குங்கள். அப்புறம் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். பென் டிரைவிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஆவணங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள மத்திய அரசு தரும் டிஜிலாக்கரையும் பயன்படுத்தலாம். அதில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமம். நீங்களே படமெடுத்து ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது.

இன்னொன்று: கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொரு சோதனையும் கேட்கும் முறை) வைத்திருந்தால், அதிலேயே 10 மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். அவற்றை அச்சிட்டு மகளின் சான்றிதழ் ஃபைலில் வையுங்கள். ஓடிபி வராத நாளிலும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உள்ளே போய்விடலாம்.