வேலையோடு ஆன்லைன் எம்பிஏ: கேட்டவையும் பதில்களும்

போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், குவிந்துவிட்டன. என்னைத் தெரியாதவர்களுக்கு: பகலில் கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவு. வார இறுதியில் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் எம்பிஏ படிப்பவர்களுக்கு நிதி, கணக்குப் பாடங்கள் எடுக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஆள் பிடிப்பவன் அல்ல. "எங்கே சேரலாம், லிங்க் கொடுங்கள்" என்றவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

கேள்வி (ஓசூர், ஷிப்ட் இன்ஜினியர்): மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். தினம் ஒரு மணி நேரம் போதும் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். போதுமா சார்?

போதாது தம்பி. விளம்பரத்தை விடுங்கள், பல்கலைக்கழகத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதன் எம்பிஏ மொத்தம் 116 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. பெருக்கினால் 3,480 மணி நேரம். இரண்டே வருடத்தில் முடிப்பதாக இருந்தால் வாரத்துக்கு 33 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அது இன்னொரு வேலை!

அப்படிப் படித்த யாரையும் நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே கணக்கோ நிர்வாகமோ தெரிந்தவர்கள் அதில் பாதியில் முடிப்பார்கள், மூன்றில் ஒரு பங்கில் ஒப்பேற்றுபவர்களும் உண்டு. ஒப்பேற்றுவதற்கே வாரம் பத்துப் பதினோரு மணி நேரம் ஆகிறது. தினம் ஒரு மணி நேரம் என்பது ஏழு. தனியார் ஆன்லைன் எம்பிஏ பலவற்றில் கிரெடிட் குறைவு, அதனால் நேரமும் சற்றுக் குறையும். அங்கேயும் ஏழு மணி நேரத்தில் வண்டி ஓடாது.

உங்கள் ஷிப்ட் விஷயம். தினம் இத்தனை மணி என்று அட்டவணை போடாதீர்கள், ஷிப்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் வாரம்தான் உங்களுக்குப் பொன்னான வாரம். காலை எட்டு முதல் பதினொன்று வரை வீடு அமைதியாக இருக்கும், மூளையும் தெளிவாக இருக்கும். கணக்கு, புள்ளியியல் மாதிரி பேனா பிடித்துப் படிக்க வேண்டியதெல்லாம் அந்த வாரத்தில். காலை ஆறு மணி ஷிப்ட் வாரத்தில் மதியம் வந்து தூங்கி எழுந்தபின் ஒரு மணி நேரம் கிடைத்தால் லாபம். நைட் ஷிப்ட் வாரத்தில் புத்தகமே எடுக்க வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் பதிவு செய்த வகுப்பைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் தூக்கத்தை விற்றுப் பட்டம் வாங்கக் கூடாது.

இன்னொன்று. இக்னோவில் இரண்டு வருடம் என்பது குறைந்தபட்சம்தான், அதிகபட்சம் நான்கு வருடம். மூன்று வருடத்தில் முடிப்பேன் என்று முதலிலேயே வீட்டிலும் சொல்லிவிட்டால் பாதி பதற்றம் போய்விடும். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். சம்பள விடுப்பில் கொஞ்சத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள். டிசம்பரில் லீவு கேட்டு சூப்பர்வைசரிடம் நிற்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவராக வேண்டாம்.

கேள்வி (சென்னை, வங்கி ஊழியர்): ஒரு தளத்தில் நம்பர் கொடுத்தேன். கவுன்சிலர் தினமும் கூப்பிட்டு, இன்றோடு ஸ்காலர்ஷிப் முடிகிறது, பத்தாயிரம் கட்டி சீட்டை உறுதி செய்யுங்கள் என்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். அந்த ஸ்காலர்ஷிப் நாளைக்கும் இருக்கும், அடுத்த மாதமும் இருக்கும். கவுன்சிலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் விற்பனைப் பிரிவு. அவருக்கும் மாத இலக்கு உண்டு.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியதை இங்கே ஒருமுறை எழுதுகிறேன், கீழே திரும்பத் திரும்ப இதையே காட்டுவேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, நாம் டெப் என்கிறோமே, அதன் தளத்துக்குப் போங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு, ஜனவரி சேர்க்கையா ஜூலை சேர்க்கையா, ஆன்லைனா தொலைநிலையா, எம்பிஏ என்ற படிப்பு அதில் இருக்கிறதா, நான்கையும் பாருங்கள். போன வருடம் இருந்த அனுமதி இந்த வருடமும் இருக்கும் என்று சட்டம் இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் எம்பிஏவுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 முதல் மாணவரே ஏபிசி ஐடியும் (கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) டெப் ஐடியும் உருவாக்கித்தான் சேர முடியும். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்" என்பவரிடம் போனை வைத்துவிடுங்கள்.

வங்கியில் இருக்கிறீர்கள், ஆகவே இது உங்களுக்கு எளிதில் புரியும்: "வட்டியில்லா இஎம்ஐ" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். பணம் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விடும். இரண்டாவது செமஸ்டரில் நீங்கள் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. நிறுத்தினால் சிபில் கடன் மதிப்பெண் அடிவாங்கும். கடன்தான் வேண்டுமென்றால் உங்கள் வங்கியிலேயே கல்விக்கடன் கேளுங்கள். கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிச் சலுகை கிடைக்கும், ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறியவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி (மதுரை): எந்த ஸ்பெஷலைசேஷனுக்கு மதிப்பு அதிகம்?

இப்போது பார்க்கும் வேலைக்குப் பக்கத்தில் இருப்பதற்கு.

கேள்வி (திருச்சி, ஐடி துறை): ஆன்லைன் எம்பிஏ, ரெகுலர் எம்பிஏவுக்குச் சமமா? ஹெச்ஆர் ஏற்றுக்கொள்வார்களா?

இரண்டும் வேறு கேள்விகள். சட்டப்படி சமம்: 2020 யுஜிசி ஒழுங்குமுறையின் 22-ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது, 2022 செப்டம்பரில் யுஜிசி அதைத் தனியாக அறிவித்தும் விட்டது. அரசு வேலை, மேற்படிப்பு, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு எல்லாவற்றுக்கும் அதைக் காட்டலாம்.

ஹெச்ஆருக்கு யுஜிசி விதி பொருட்டில்லை. வளாக நேர்காணல், கூடப் படித்தவர்களின் தொடர்பு, இரண்டு வருடம் விடுதியில் ராத்திரி பகலாகக் குழுவாக வேலை செய்த பழக்கம், இவை ஆன்லைனில் வராது. "பிளேஸ்மென்ட் உதவி" என்று போட்டிருப்பார்கள், அது பெரும்பாலும் வேலை விளம்பரங்களைத் தொகுத்து அனுப்பும் மின்னஞ்சல். இருக்கும் நிறுவனத்திலேயே அடுத்த படிக்குப் போக பட்டம் தடையாக இருக்கிறதென்றால் ஆன்லைன் எம்பிஏ நன்றாகவே உதவும். டெவலப்பர் வேலையை விட்டு ஆலோசனை நிறுவனத்துக்குத் தாவ வேண்டும் என்பது ஆசையென்றால் அதற்கு ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு எழுதுங்கள்.

கேள்வி (திருவண்ணாமலை, அரசு அலுவலக உதவியாளர்): எம்பிஏ முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு உண்டா ஐயா? நான் பத்தாவது முடித்து, பிளஸ் டூ படிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தவன்.

கேள்வியின் இரண்டாம் பாதிதான் முக்கியம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பட்டம் செல்லும். 2009-இல் வந்த 107-ஆம் எண் அரசாணை இது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் வாங்கும் முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு தீர்ப்பளித்தது. உங்கள் பி.ஏ.வின் மீது எம்பிஏவைக் கட்டினால் அஸ்திவாரத்திலேயே சிக்கல். எம்பிஏவுக்குக் கட்டும் முன் உங்கள் பணியமைப்புப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வாய்மொழிப் பதில் வேண்டாம்.

உயர்கல்விக்கான அந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு அந்தக் கணக்கில் இறங்காதீர்கள். சேருவதானால் துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (சேலம்): ஆன்லைன் எம்பிஏ செல்லுமா?

மேலே.

கேள்வி (கோவை, விற்பனைப் பிரிவு): வெளிப்படையாகவே கேட்கிறேன். அசைன்மென்ட் எழுதி பிடிஎஃப்பாக விற்கிறார்கள். சில நூறு ரூபாய்தான். டூர் போகிற வேலை எனக்கு. வாங்கினால் என்ன தப்பு?

வாங்காதீர்கள். ஒழுக்கப் பாடம் எடுக்கவில்லை, மதிப்பெண் கணக்கே சொல்கிறேன். அசைன்மென்ட் சேரும் உள்மதிப்பீடு 30, தேர்வு 70. ஒரே பிடிஎஃப்பை நூறு பேர் வாங்குகிறார்கள். திருத்துகிறவருக்கு மூன்றாவது தாளிலேயே தெரிந்துவிடும், உதாரணத்தில் வரும் கம்பெனியின் பெயர்கூட மாறாது. அசைன்மென்டில் கேட்டதே வேறு உருவத்தில் தேர்விலும் வருகிறது. கையால் எழுதியவருக்கு 70-இல் ஒரு பகுதி அப்போதே தயார்.

(சென்னை, ஐடி) குறுக்கிடுகிறேன் சார். மேலாளர் வேலை என்பதே பிறரிடம் வேலை வாங்குவதுதானே? அவர் அதைச் செய்திருக்கிறார்.

நல்ல நக்கல். வேலை வாங்குகிறவருக்கு, வந்த வேலை சரியா தப்பா என்று பார்க்கத் தெரிய வேண்டும். பண ஓட்ட அறிக்கையில் தேய்மானத்தை ஏன் திரும்பக் கூட்டுகிறார்கள் என்று பிடிஎஃப் வாங்கியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

(திருப்பூர், ஏற்றுமதி நிறுவன ஹெச்ஆர்) நான் நேர்காணலில் அதைத்தான் கேட்பேன். "நீங்கள் எழுதிய ஒரு அசைன்மென்ட் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பத்துப் பேரில் பாதிப் பேர் தலைப்பையே மறந்திருப்பார்கள். சொல்ல முடிந்தவரின் எம்பிஏ ஆன்லைனா ரெகுலரா என்று அதன்பிறகு நான் பார்ப்பதே இல்லை.

ஹெச்ஆர் ஏற்பாரா என்று கேட்ட திருச்சிக்காரர் இதைப் படிக்கவும்.

(கோவை, மறுபடியும்) சரி, பிடிஎஃப் வேண்டாம். சாட்ஜிபிடி?

புரியாத இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நானும் செய்கிறேன். அது எழுதியதை அப்படியே நகலெடுத்தால் பிடிஎஃப்புக்கும் அதற்கும் விலைதான் வித்தியாசம்.

(ஈரோடு) உங்களுக்கென்ன சார், வகுப்பெடுத்துச் சம்பாதிக்கிறீர்கள். கேள்விகளே பத்து வருடம் பழையவை. அதற்கு உயிரைக் கொடுத்து எழுத வேண்டுமா?

என் வகுப்புக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம். ஆனால் கேள்விகள் பழையவை என்பதில் உங்கள் பக்கம்தான் நான். வருடாவருடம் அதே கேள்வியை ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன, அந்தப் பிடிஎஃப் வியாபாரம் நடப்பதே அதனால்தான். பல்கலைக்கழகம் சோம்பேறி என்பதற்காக நாமும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுச் சோம்பேறியாக இருப்பதில் யாருக்கு நஷ்டம்? உங்கள் கடையின் சரக்கிருப்பு, உங்கள் கம்பெனியின் கடன் வசூல், இதை வைத்து அந்தப் பழைய கேள்விக்குப் பதில் எழுதுங்கள். என்னிடம் படித்த ஒரு நூல் வியாபாரக் கணக்காளர் நடைமுறை மூலதனம் பற்றிய அசைன்மென்டை அப்படித்தான் எழுதினார். அதையே முதலாளியிடம் காட்டி, யாருக்கு எத்தனை நாள் கடன் என்பதை மாற்ற வைத்தார்.

அசைன்மென்ட் பற்றி இன்னும் பதினேழு பேர் எழுதியிருக்கிறீர்கள். போதும், அடுத்ததற்குப் போகிறேன்.

கேள்வி (தஞ்சாவூர், பி.ஏ. தமிழ், காப்பீட்டு அலுவலகம்): கணக்கு என்றாலே பயம். தேறுவேனா?

தேறுவீர்கள். பயப்பட வேண்டியது இரண்டு பாடங்கள்தான்: கணக்குப் பதிவியல், புள்ளியியல். சேர்க்கைக்கு முன்பே இரண்டு மாதம் பிளஸ் ஒன் கணக்குப் பதிவியல் பாடநூலை எடுத்து, பற்று வரவு முதல் இறுதிக் கணக்கு வரை கையால் போட்டுப் பாருங்கள். தமிழ்வழிப் புத்தகமே போதும், அரசுத் தளத்தில் இலவசம். பிறகு ஆங்கிலப் பெயர்களைப் பழகிக்கொள்ளலாம். தேர்வு மையத்தில் எழுதும் படிப்பென்றால் இன்னொரு தொல்லை உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள்: வருடக்கணக்கில் கீபோர்டு தட்டிய கை மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதாது. ஒரு மாதம் முன்னாலிருந்தே எழுதிப் பழகுங்கள்.

கேள்வி (துபாய்): இங்கிருந்தே படித்தால் இங்கே செல்லுமா?

அமீரகத்தில் காட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) வேண்டும். ஆன்லைன் பட்டத்தை ஏற்பதா என்பது அங்கே வேலை தருபவரும் அந்நாட்டு அமைச்சகமும் முடிவு செய்வது. பணம் கட்டும் முன் உங்கள் ஹெச்ஆரிடம் கேளுங்கள்.

கேள்வி (பெங்களூரு): ஒரு செயலி மூலம் வெளிநாட்டுப் பல்கலைக்கழக எம்பிஏ, பாதி விலையில்...

2023 டிசம்பரில் யுஜிசி இதைப் பற்றித்தான் எச்சரித்தது: அனுமதி பெறாத அந்த மாதிரிக் கூட்டுப் பட்டங்களை இங்கே அங்கீகரிப்பதில்லை. பாதி விலையும் வீண்.

கேள்வி (நாமக்கல்): இத்தோடு தொலைநிலையில் எம்.காம். சேரலாமா?

2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதி உண்டு. 33 மணி நேரக் கணக்கை மறுபடி படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (வேலூர்): எது நல்ல யுனிவர்சிட்டி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முன்னுரையைப் படிக்கவும்.

கேள்வி (பொள்ளாச்சி, மருத்துவமனை நிர்வாகப் பிரிவு): இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது அண்ணா. மாமியார் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர் "சேர்ந்துக்கோ" என்கிறார். இப்போது சேருவதா, குழந்தை பள்ளிக்குப் போனபின் சேருவதா?

"சேர்ந்துக்கோ" என்பது அனுமதி மட்டும்தான் அம்மா. ஞாயிறு காலை நான்கு மணி நேரம் சமையலும் குழந்தையும் அவர் பொறுப்பு என்றால்தான் அது உதவி. சேரும் முன்பே ஒரு மாதம் அப்படி இருந்து பாருங்கள். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பாடத்தின் முதல் அலகைப் படியுங்கள், பல்கலைக்கழகங்களின் பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு ஞாயிறில் குறைந்தது மூன்று கிடைத்தால் வரும் சேர்க்கையிலேயே சேருங்கள், ஆனால் கால அவகாசம் அதிகமுள்ள படிப்பாகப் பார்த்து, பாடங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் கிடைத்தது என்றால் ஆறு மாதம் கழித்து இன்னொரு சேர்க்கை வரும். நடுவில் எந்தக் கவுன்சிலர் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள்.

வீட்டிலிருந்தே கேமரா முன் எழுதும் தேர்வென்றால் அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. குழந்தை கதவைத் தட்டும். தேர்வு நாட்களுக்கு அம்மா வீடோ, பூட்டிய ஓர் அறை தரக்கூடிய தோழி வீடோ பேசி வையுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீடாக இருக்கட்டும்.

மீதியுள்ள கேள்விகளில் பாதி "செல்லுமா", மீதி "கடைசித் தேதி எப்போது". முதலாவதற்கு டெப் தளம். இரண்டாவதற்கு நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் தளம். எனக்கு நாளைக் காலை எட்டரைக்கு வேலை.