பதினேழு வீடியோக்களும் ஒரு மீன்குழம்பு டப்பாவும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குடியிருக்கிறேன். கடவுள் நம்பிக்கை கிடையாது. 'தமிழ் முரசு' சாரங்கபாணி காலத்தில், சுயமரியாதை பேசிய தமிழர் சீர்திருத்தச் சங்கக் கூட்டங்களுக்குப் போனவர் என் தாத்தா, அந்தப் பழக்கம்.

மேல்மாடி அக்கா நல்லவர். அப்பா மருத்துவமனையில் படுத்ததிலிருந்து மீன்குழம்பு கொடுத்தனுப்புவார், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவார். ஆனால் லிஃப்டில் பார்த்தால் போதும், சபைக்கு வரச் சொல்வார். "அடுத்த வாரம் பார்க்கலாம்க்கா" என்று இரண்டு வருடமாக நழுவி வந்தேன். போன மாதம் அப்பாவைப் பார்க்க வந்தவர், "நீ ஒரு தடவையாவது ஜெபம் பண்ணியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது தம்பி" என்றார். அன்றிரவு பைபிளில் உள்ள முரண்பாடுகள் பற்றிப் பதினேழு வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இப்போது என்னைக் கண்டால் அடுத்த லிஃப்டுக்கு நிற்கிறார். அவருடைய டப்பா இன்னும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. நான் செய்தது தவறா?

அன்புள்ள தம்பிக்கு,

பதினேழா! இரண்டோடு நிறுத்தியிருக்கலாம்.

அக்கா சொன்னது கொடுமையான வார்த்தைதான். ஆனால் அடி விழுந்தது மகனுக்கு. பதில் சொன்னது நாத்திகர். "அப்படிச் சொல்லாதீங்கக்கா, வலிக்குது" என்று அங்கேயே சொல்லியிருந்தால் ஒரு வீடியோகூடத் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் அந்த "அடுத்த வாரம்". உங்களுக்கு அது மறுப்பு. அக்காவுக்கோ, நாள் குறித்த மாதிரி.

நம் விருப்பத்தில் யாராவது கை வைத்தால், இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடிப்போம். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இல் விளக்கிய விஷயம் இது. லிஃப்டுக்குள் உங்களுக்கு வந்தது அதுதான். உங்கள் வீடியோக்களைப் பார்த்த அக்காவுக்கும் அதுவே வந்திருக்கும்.

மதத்தைப் பரப்பும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு தருகிறது. அதற்காக நீங்கள் நின்று கேட்டாக வேண்டும் என்பதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் ஒருவர் தமக்கு மதம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நம்மவர்களில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு, அதனால்தான் உங்களுக்கு ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். வெறும் டப்பாவாகக் கொடுக்காமல், வீட்டில் செய்ததை எதையாவது போட்டுக் கொடுங்கள். "வீடியோ அனுப்பினது தப்புக்கா. அப்பாவைப் பத்திச் சொன்னது ரொம்ப வலிச்சது. எனக்கு நம்பிக்கை இல்ல, சபைக்கு வரமாட்டேன். சாமிப் பேச்சு மட்டும் நமக்குள்ள வேண்டாம்." இவ்வளவுதான். "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். அது அவர் வீட்டுக்குள் நடப்பது, விட்டுவிடுங்கள். லிஃப்டில் மறுபடி ஆரம்பித்தால் இதையே சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல்.

சரி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? அதை எழுதவே இல்லையே நீங்கள்.